பிக்கப் மாற்றும் முன் ஒரு நிமிஷம்

 

2025 ஜூலையில் நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது நீளமாக ஒரு பதிவு எழுதினேன். நூறு பேருக்கு மேல் வாழ்த்துச் சொன்னீர்கள். இன்று எழுதப்போவது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. எலெக்ட்ரிக் கிட்டாரில் பொருத்துகிற பிக்கப் என்ற சின்னச் சாமான் பற்றி. "சாருக்கு வயசாகிவிட்டது, என்னென்னவோ எழுதுகிறார்" என்று நினைக்காமல் கடைசி வரை படியுங்கள். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் இதில் இருக்கிறது.

முதலில் எனக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: உங்களில் பலருக்கு நான் கணக்கும் அறிவியலும் எடுத்த வாத்தியார் மட்டும்தான். 1980-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலை கிடைக்க நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷமும் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்துத்தான் வீட்டுக்குக் காசு கொடுத்தேன். செஞ்சி, சேத்துப்பட்டு, வந்தவாசி, திருவண்ணாமலை என்று திருவிழா மேடை ஒன்று விடாமல் ஏறியிருக்கிறேன். வேலை கிடைத்ததும் கிட்டார் பரணுக்குப் போனது. "வாத்தியார் கிட்டார் அடிக்கிறாரு" என்று ஊர் பேசும் என்று எனக்கு ஒரு கூச்சம். அது தேவையில்லாத கூச்சம் என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவனே இதைப் படிப்பான். பகலில் செல்போன் கடையில் வேலை. திருவிழா நாட்களில் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார். வந்தவன் கிட்டாரை உறையிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்தான்.

"சார், டோன் சரியில்ல சார். ஒரே இரைச்சல். போன ஆடி மாசம் ஒரு கமிட்டிக்காரர் மேடையிலேயே திட்டிட்டாரு. பேசின காசுல ஐநூறு புடிச்சிக்கிட்டாங்க. பிக்கப் மாத்தினா சரியாயிடும்னு யூடியூப்ல சொல்றாங்க. வெளிநாட்டு செட்டு பதினெட்டாயிரம் ஆவுது."

"காசுக்கு என்ன செய்வ?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வீட்ல கம்மல் இருக்கு சார். அடகு வெச்சிட்டு, சீசன் முடிஞ்சதும் மூட்டுடலாம்."

அதே வாரம் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, புது பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?" அவன் ஏற்கெனவே இரண்டு வருஷத்தில் மூன்று செட் மாற்றியவன்.

இரண்டு பேரின் கேள்வியும் ஒன்று. நிலைமை வேறு. இருவருக்கும் சேர்த்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் மாற்றுவது தப்பில்லை. ஆனால் வரிசையில் அது கடைசியாக வர வேண்டியது. நம் ஆட்கள் அதை முதலில் செய்கிறார்கள்.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பழக்க தோஷம். பிக்கப் என்பது என்ன? ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. வழக்கமான ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று இருக்கும். அதன் தலைக்கு மேலே கிட்டாரின் எஃகுக் கம்பி அதிர்கிறது. கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. காந்தப் புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல், பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாக வந்ததே, அதேதான். அந்தச் சின்ன மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. மைக் காற்றின் அதிர்வைக் கேட்கும். பிக்கப் இரும்பின் அசைவைத்தான் கேட்கும். அதனால்தான் நைலான் கம்பி போட்ட கிட்டாரில் இந்த வகைப் பிக்கப் வேலை செய்யாது.

இதை முதலில் கிட்டாரில் வெற்றிகரமாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் கூட்டணி, 1930களின் தொடக்கத்தில். ஒரு தொல்லையும் கூடவே வந்தது. சுருள் என்றால் அது ஆன்டெனாவும்தான். பக்கத்தில் ஓடுகிற கரன்ட், டியூப் லைட், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று, அந்த "ம்ம்ம்" என்ற சத்தம் அங்கிருந்து வருவது. கிப்சன் கம்பெனியில் இருந்த சேத் லவர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள். ஒன்றை எதிர்த்திசையில் இணைத்து, அதன் காந்தத்தையும் தலைகீழாக வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் இரண்டு முறை தலைகீழாகி நேராகிவிடும், அதனால் கூடும். கணக்கில் மைனஸ் இன்டு மைனஸ் பிளஸ் என்று தொண்டை கிழியச் சொன்னேனே, அது இங்கே உட்கார்ந்திருக்கிறது. 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-ல் கிடைத்தது. இரைச்சலை முட்டித் தள்ளுவது என்ற பொருளில் ஹம்பக்கர் என்று பெயர்.

இனி திண்ணைக்கு வருவோம்.

என் பழைய ஆம்ப் கெட்டுப்போய் நாளாகிவிட்டது. அதனால் அவனுடைய ஆம்பையே வண்டியிலிருந்து இறக்கச் சொன்னேன். ஒயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கிற தடித்த முள், அதாவது எர்த் முள், இல்லை. அறுத்து எடுத்திருந்தது.

"இது எங்கடா?"

"இரைச்சல் கம்மியாகும்னு ஒருத்தர் வெட்டிக் குடுத்தாரு சார்."

"மேடையில எப்பவாச்சும் ஷாக் அடிச்சிதா?"

"பெருசா இல்ல சார். பாடும்போது மைக்ல உதடு பட்டா சுரீர்னு இருக்கும். ஈரத் தரையா இருந்தா கொஞ்சம் ஜாஸ்தி."

அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1982-ஓ 83-ஓ, ஒரு கிராமத்துத் திருவிழா. அன்று சாயங்காலம் தூறல் வேறு. கம்பத்திலிருந்து இழுத்த ஒயர், சாக்கு போட்ட மரமேடை. எங்கள் குழுவில் லீட் கிட்டார் வாசித்த அண்ணன், பின்பாட்டுப் பாட மைக்குக்கு வாயைக் கொண்டுபோனார். அவ்வளவுதான், கிட்டாரோடு பின்னால் விழுந்தார். விரல் கம்பியை விடவில்லை. யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள். பிழைத்தார். ஆனால் உதட்டில் கருகிய தழும்பு கடைசி வரை இருந்தது. அதற்குப் பிறகு அவர் மேடையில் பாடவே இல்லை.

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. 1972 மே 3-ஆம் தேதி பிரிட்டனில் ஸ்வான்சீ நகரில், லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் ரசிகர்கள் முன்னால் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டதுதான் காரணம்.

காரணம் எளிது. கிட்டாரின் கம்பிகள் உள்ளே ஒரு ஒயர் வழியாக ஆம்பின் இரும்பு உடம்போடு இணைந்திருக்கும். இரைச்சலைக் குறைப்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். மைக் அதேபோல மிக்சரின் உடம்போடு இணைந்திருக்கும். ஆம்புக்கு எர்த் இல்லாமல், உள்ளே எங்காவது ஃபேஸ் கசிந்தால், அந்தக் கரன்ட் கம்பிக்கு வந்து காத்திருக்கும். இடது கை கம்பியில், உதடு மைக்கில். நடுவில் நெஞ்சு. எர்த் முள் என்பது அந்தக் கரன்ட் உங்கள் நெஞ்சு வழியாகப் போகாமல் தரைக்குப் போவதற்கான வழி. அதை வெட்டுகிறவன் இரைச்சலை வெட்டவில்லை, வேலியை வெட்டுகிறான்.

அன்று அவனை முதலில் எலெக்ட்ரிக்கல் கடைக்கு அனுப்பினேன். புது மூன்று முள் பிளக். அதுவும் என் மாணவன் கடைதான், காசு வாங்கவில்லை. பிறகு என் வீட்டுச் சுவரில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டாரைச் சொருகினோம்.

இரைச்சல் இருந்தது. கம்பியைத் தொட்டால் குறைந்தது, விட்டால் கூடியது. அப்படியென்றால் கம்பிக்கு வரும் எர்த் ஒயர் உயிரோடு இருக்கிறது, கிட்டாரின் குழிக்குள் கவசம் போதவில்லை என்று அர்த்தம். தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் ஒயரிங் தலைகீழ். இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம்.

பின் மூடியைக் கழற்றினோம். வால்யூம் பாட்டில் ஈயம் வெடித்து ஒயர் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஈயம் வைத்தோம். குழிக்குள் தாமிர டேப் ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தோம். திருகினால் கரகரவென்ற பாட்டுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்தோம். பாட்டின் அளவும் முக்கியம். ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஹம்பக்கருக்கு 250 போட்டுவிட்டால் மேல் ஸ்வரங்களின் பளபளப்பு மங்கிவிடும். ஆள் பிக்கப்பைக் குறை சொல்வான். பாட்டின் விலை ஒரு பிரியாணியைவிடக் குறைவு.

அடுத்தது கம்பி. "எப்ப மாத்தின?" என்றேன். யோசித்தான். பொங்கலுக்கு முன்னாடியாம்! துருவும் வியர்வையும் ஏறிய கம்பியை உலகத்திலேயே உசந்த பிக்கப்பின் மேல் கட்டினாலும் அது செத்த கம்பியின் சத்தத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும். புது செட் கட்டினோம்.

அதற்கப்புறம் உயரம். பிக்கப்பின் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கிறதே, அது அலங்காரத்துக்கு இல்லை. கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்பின் தலைக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும். 2 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, காதால் கேட்டுக் கேட்டு ஏற்றி இறக்க வேண்டும். சத்தம் கூடட்டும் என்று பிக்கப்பை ஒட்ட ஏற்றிவிடுவார்கள். காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஸ்வரம் ஆடும், நீடிக்காது. கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைச் சற்று இறக்கியும் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைச் சற்று ஏற்றியும் வைக்க வேண்டும். கழுத்துப் பக்கம் கம்பி அகலமாக அதிரும், அதனால் சத்தமும் அதிகம், குரலும் உருண்டையாக இருக்கும். பிரிட்ஜ் பக்கம் அதிர்வு குறுகல், குரல் கூர்மை. வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுகிறவர் எத்தனை பொறுமையாக உட்காருவாரோ அத்தனை பொறுமை இதற்கும் வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "மேடையில ஆம்ப்ல வாசிக்கிறியா, நேரா மிக்சர்லயா?"

"பாதி நேரம் மிக்சர்லதான் சார். ஆம்ப் வைக்க இடம் இல்லன்னுடுவாங்க."

பாதி வியாதி அங்கே இருந்தது. சாதாரணப் பிக்கப்புக்குத் தன்னை இழுக்காத வாசல் வேண்டும். கிட்டார் ஆம்பின் உள்வாசல் சுமார் பத்து லட்சம் ஓம். மிக்சரின் லைன் வாசல் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். பிக்கப் உற்பத்தி செய்கிற கொஞ்சநஞ்ச மின்சாரத்தை அது அமுக்கிவிடும். ஒலி மங்கும். சவுண்ட் சர்வீஸ் தம்பி வால்யூமை ஏற்றுவார், இரைச்சலும் சேர்ந்து ஏறும். இதற்கு டி.ஐ. பாக்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவில் வைப்பது. எர்த் முள்ளை வெட்டாமலேயே சுற்று இரைச்சலை நிறுத்துகிற ஸ்விட்ச் அதில் இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சென்னை இசைக்கருவிக் கடைகளிலும் கிடைக்கிறது. நான் வாங்கிக் கொடுத்தேன், அடுத்த சீசனில் திருப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

டி.ஐ. பாக்ஸ் நீங்கலாக அன்று ஆன செலவு ஆயிரத்துச் சில்லறை. சாயங்காலம் வாசித்துக் காட்டினான். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து நின்று கேட்டார். கம்மல் கம்மலாகவே இருக்கிறது.

உடனே பெங்களூர் மருமகன் கேட்பான்: "அப்ப பிக்கப் மாத்தவே கூடாதா மாமா? வித்தியாசம் நிஜமாவே தெரியுதே!"

தெரியும்தான். ஒத்துக்கொள்கிறேன். அவன் வீட்டுக்குப் போனபோது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒற்றைச் சுருள் எது, ஹம்பக்கர் எது என்று ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னேன். ஆனால் ஒரே வகையில் விலை மலிந்ததையும் விலை உயர்ந்ததையும் வாசித்தபோது பாதி தடவை தப்பாகச் சொன்னேன். என் காதுக்கு அறுபத்தாறு வயது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் எது? மல்டிமீட்டரில் சுருள் அறுந்தது தெரிந்தால் மாற்றலாம். சத்தம் கூட்டினால் பிக்கப்பே கீச்சென்று கத்தினால் மாற்றலாம். எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் நீங்கள் வாசிக்கிற இசைக்கு அந்தக் குரல் பொருந்தவில்லை என்றால், தாராளமாக மாற்றலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? இதற்கு எனக்கு ஒரே வழிகாட்டி மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்து, சின்னப் பையனாகச் சென்னை சபாக்களில் உட்கார்ந்து பெரியவர்களை வாயடைக்க வைத்தவர். 2014-ல் 45 வயதில் நம்மை விட்டுப் போனார். மாண்டலினில் தட்டினால் ஒலி டக்கென்று சாகும். நம் இசைக்கோ கமகம் வேண்டும். ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டு இழுத்து அசைக்கும் வரை ஒலி உயிரோடு இருக்க வேண்டும். அதனால் அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி இருக்கிற இடத்தில் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்துக்கொண்டார். சத்தம் மட்டும் போதும் என்றால் ஒரு மைக்கைக் கூட்டி வைத்தாலே போதும். அவருக்கு வேண்டியது ஒலி நீடிப்பது. தன் இசைக்கு எது குறைகிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, பிறகு சாமானைத் தேடியிருக்கிறார்.

வீணையில் காண்டாக்ட் மைக் வைக்கலாமா என்று சபாக்களில் நடந்த சண்டை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதுவும் இதே கேள்விதான். காண்டாக்ட் மைக் மரத்தின் அதிர்வைக் கேட்கிறது, காந்தப் பிக்கப் கம்பியை மட்டும் கேட்கிறது. வீணையின் குடம் பாடுவது வேண்டுமா, கம்பி பாடுவது போதுமா என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் இல்லை.

ஆகவே, மருமகனே, குறித்துக்கொள்.

பளிச்சென்று கணீரென்ற குரல், சினிமாப் பாட்டு ரிதம், தெளிவான அடி வேண்டுமா? ஒற்றைச் சுருள். இரைச்சல் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். தடித்த குரல், நீண்ட இழுப்பு, அமைதி வேண்டுமா? ஹம்பக்கர். ஒற்றைச் சுருள் குழிக்குள்ளேயே பொருந்துகிற இரைச்சலடக்கி வகைகளும் உண்டு. திருவிழா மேடைக்கு நான் சொல்வது அதுதான், சீரியல் செட் விளக்குக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறதே.

காந்தத்தில் அல்னிகோ என்றால் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. அதில் 2-ஆம் எண் மென்மை, 5-ஆம் எண் சற்று வீரியம். செராமிக் காந்தம் இன்னும் வலு, விலையும் குறைவு. விலை குறைவு என்பதாலேயே மட்டம் என்று நினைக்காதே, நல்ல பிக்கப் பலவற்றில் செராமிக் இருக்கிறது.

பெட்டியில் ஓம் கணக்கு போட்டிருப்பார்கள். ஒற்றைச் சுருள் 6 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் 8, வீரியமானது 14, 16 என்று. அதை மார்க் ஷீட் போலப் பார்க்காதே. எண் கூடினால் சுற்று கூடுதல் என்று பொதுவாகச் சொல்லலாம். சுற்று கூடினால் சத்தம் கூடும், மேல் ஸ்வரப் பளபளப்பு குறையும். கம்பியின் தடிமன் மாறினால் இந்தக் கணக்கே மாறிவிடும். அதிக மார்க் எடுத்தவன்தான் நல்ல பிள்ளை என்று முப்பது வருஷம் நினைத்த வாத்தியார் சொல்கிறேன், எண்ணை மட்டும் நம்பாதே.

ஆக்டிவ் வகை வாங்கினால் 9 வோல்ட் பேட்டரி வைக்க இடம் வேண்டும், பாட்டையும் மாற்ற வேண்டும். வாங்குமுன் குழியின் அளவையும் கம்பி இடைவெளியையும் அளந்துகொள். ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தைப் பார்த்து இணைக்காவிட்டால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும்போது மூக்கடைத்தது போல இருக்கும். செட்டாக வாங்காமல் ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்டுப் பார். பழையதைத் தூக்கி எறியாதே. முக்கியமாக, மூன்று செட் மாற்றிய கிட்டார் சுவரில் தொங்கிக்கொண்டே இருந்தால் நாலாவது செட்டும் அதே சுவரில்தான் தொங்கும். தினம் அரை மணி நேரம் வாசி, பிறகு பேசலாம். மாமா திட்டுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

இனி ஒன்றைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்று வேலை முடிந்து டீ குடிக்கும்போது அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்டான்: "சார், ஞாபகம் இருக்கா, எட்டாவதுல என் ஜியாமெட்ரி பாக்ஸைப் புடுங்கி வெச்சிக்கிட்டீங்களே?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் வந்தது. டப்பாவின் மூடியைத் திறந்து, நாலு ரப்பர் பேண்டை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு அளவுக்கு இழுத்து மாட்டி, கடைசி பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். ச, ரி, க, ப வருகிற மாதிரி இழுவையைச் சரி செய்திருக்கிறான். நான் போய்ப் பிடுங்கி, முதுகில் ஒன்று வைத்து, டப்பாவை மேசை டிராயரில் பூட்டிவிட்டேன். வருஷம் முடியும் வரை தரவே இல்லையாம். அவன் கடன் வாங்கின காம்பஸில் பரீட்சை எழுதினானாம்.

அன்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? ஒலி. கம்பியின் இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அதைக் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கையால் செய்து வைத்திருந்தான். எனக்குக் கேட்கவில்லை. அந்த டப்பாவை முன்னால் கொண்டுவந்து நாற்பது பிள்ளைகளுக்கும் காட்டியிருந்தால் அதைவிட நல்ல பாடம் நான் எடுத்திருக்க முடியாது.

"அதெல்லாம் பரவால்ல சார், அப்ப தெரியாதுல்ல" என்றான். அவன் பெருந்தன்மை அவனுக்கு. எனக்கு ரெண்டு நாள் தூக்கம் சரியாக வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது மூன்று.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களே, கடைசி பெஞ்சில் சத்தம் வந்தால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அது என்ன சத்தம் என்று கேளுங்கள்.

எலெக்ட்ரீஷியன்களாகவும் சவுண்ட் சர்வீஸ் வைத்தும் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் ஊர்த் திருவிழா மேடையில் எர்த் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். கிட்டார் ஆம்பும் மிக்சரும் ஒரே போர்டிலிருந்து கரன்ட் எடுக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுவிடுங்கள், கரன்ட் கசிந்த கணமே அது விழுந்துவிடும். எர்த் முள்ளை வெட்டச் சொல்லி யார் வந்தாலும் வெட்டாதீர்கள். கமிட்டியில் இருக்கிற உறவினர்களே, பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவழிக்கிறோம், இதற்கும் ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள். மேடையில் நிற்பவன் நம் வீட்டுப் பிள்ளை. பேசின காசையும் பிடிக்காதீர்கள்.

கிட்டார் வைத்திருக்கிற பிள்ளைகளே, பிக்கப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை என் திண்ணைக்கு வாருங்கள். ஈயம் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது, தாமிர டேப் மிச்சம் இருக்கிறது. பரணிலிருந்து என் பழைய கிட்டாரையும் இறக்கிவிட்டேன். விரல் நுனி இன்னும் வலிக்கிறது, கம்பி அழுத்திப் பழக்கம் விட்டுப்போய் நாற்பது வருஷம் ஆகிறதே.

அந்தப் பிள்ளைக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்கு ஒரு பெண் குழந்தை, அடுத்த வருஷம் ஆறாவது போகிறாள். அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுப்பேன். ரப்பர் பேண்டும் சேர்த்து.

எல்லோரும் நல்லா இருங்க. வேறு ஏதாவது சோதனை, வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்,
அவலூர்பேட்டை